விருது சரியான கைக்குப் போனதா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய தேசிய விருதுகளைப் பற்றியவை. ஆஸ்கரைப் பற்றியும் சில வந்திருந்தன. விரிவாகப் பதில் சொல்ல வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 'பாசமலர்', 'நவராத்திரி', 'கர்ணன்' எல்லாமா நடுவர்கள் கண்ணுக்குப் படவில்லை?

பதில்: அந்த மூன்று படங்களின் விஷயத்தில் நடுவர்களைக் குறை சொல்ல வழியில்லை. அன்று அப்படியொரு விருதே கிடையாது. 1953-ஆம் ஆண்டுப் படங்களோடு தேசிய விருதுகள் தொடங்கினாலும் நடிகர், நடிகை விருதுகள் 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தன. முதலில் வாங்கியவர்கள் உத்தம் குமாரும் நர்கிஸும். 'பாசமலர்' 1961, மற்ற இரண்டும் 1964. இல்லாத விருதை யாரும் பறித்துவிடவில்லை.

வழக்குத் தொடுப்பதாக இருந்தால் 1968-லிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு சிறந்த நடிகர் 'ஆசீர்வாத்' படத்துக்காக அசோக் குமார். எதிரே 'தில்லானா மோகனாம்பாள்'. தமிழின் சிறந்த படம் என்ற விருதும் ஒளிப்பதிவு விருதும் அதற்குக் கிடைத்தன, நடிப்புக்குக் கிடைக்கவில்லை. 'நலந்தானா' பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். நாதஸ்வரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சீவாளியை, அதாவது நாதஸ்வரத்தின் ஊதும் முனையை, வாயில் வைத்திருப்பவர் சிவாஜி. உதடு அடைபட்டிருக்கிறது, வசனம் பேச முடியாது. நாயகி மோகனா கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கன்னத்திலும் புருவத்திலும் கலங்குகிற கண்ணிலும்தான் வர வேண்டும். அதே நேரம் மூச்சு எடுக்கிற இடம் சங்கதியோடு பொருந்த வேண்டும், விரல் தப்பக் கூடாது. இது அபாரமான வேலை. அசோக் குமாரின் தகப்பன் வேடம் நெஞ்சைத் தொடுவதுதான். ஆனால் இத்தனை அடுக்கு அதில் இல்லை. எங்கள் கணக்கில் 1968 தவறிப்போன ஆண்டு.

1969-ல் அப்படிச் சொல்ல மாட்டோம். 'தெய்வமகன்' மூன்று வேடங்கள் பிரமிப்பானவை. மூவரும் ஒரே அறையில் நிற்கும் காட்சியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அப்பா யார், பெரியவன் யார், சின்னவன் யார் என்று தோள் நிமிர்வை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் விருது வாங்கிய உத்பல் தத், 'புவன் ஷோம்' படத்தில் விறைப்பான ரயில்வே அதிகாரி ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை, எந்த நிமிடத்தில் இளகினார் என்றே பிடிக்க முடியாதபடி செய்திருக்கிறார். இரண்டில் எதற்குக் கொடுத்திருந்தாலும் அநியாயம் என்று சொல்ல முடியாது.

1971-ஐப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். எம்.ஜி.ஆருக்கு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக விருது. அதே ஆண்டு சிவாஜியும் 'பாபு'வில் ரிக்‌ஷா இழுப்பவராக நடித்தார். ஒரே தொழில், ஒரே ஆண்டு. ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி அமையாது. ரிக்‌ஷாவில் இருந்தபடியே சிலம்பம் சுற்றும் சண்டையில் எம்.ஜி.ஆரின் உடற்பயிற்சியும் நிதானமும் வேறு யாருக்கும் வராதவை. ஆனால் பாத்திரம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. 'பாபு'வில் துடிப்பான இளைஞன் நம் கண்ணெதிரே தேய்ந்து, முதுமையில் விழுகிறான். நடிப்பை மட்டும் எடைபோட்டால் 'பாபு' கனமானது.

பின்னாளில் சிவாஜிக்கு 'தேவர் மகன்' படத்துக்காகச் சிறப்பு நடுவர் விருது அறிவிக்கப்பட்டது. துணை நடிகர் விருதின் கதையும் இதேபோலத்தான்: அது 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வந்தது. 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்த தருமி 1965. அவருக்கு அந்த விருது 1994-ஆம் ஆண்டின் 'நம்மவர்' படத்துக்காக வந்தது.

கேள்வி: 'பருத்திவீரன்' 2007-ல் வந்த படம். பிரியாமணிக்கு 2006-க்கான விருது என்று போட்டிருக்கிறார்களே, அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. தேசிய விருதுக்கு வெளியீட்டு நாள் கணக்கில்லை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்கள்தான் போட்டியில். 2011 பொங்கலுக்கு வந்த 'ஆடுகள'மும் 2010-க்கான விருதைத்தான் வாங்கியது. தனுஷ் 2011-ல் வந்த யாரையோ தோற்கடித்தார் என்று வாதாடுபவர்கள் போட்டியில் இல்லாதவரோடு ஒப்பிடுகிறார்கள். இன்னொன்று: தயாரிப்பாளர் விண்ணப்பிக்காத படத்தை நடுவர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

கேள்வி: இசை விருதில் 'ரோஜா'வா, 'தேவர் மகனா'? முப்பது ஆண்டாகச் சண்டை ஓயவில்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: 1992-ஆம் ஆண்டுப் படங்கள். நடுவர்களின் வாக்கு ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து, தலைவராக இருந்த பாலுமகேந்திராவின் வாக்கு ரகுமான் பக்கம் போனது என்பது பலமுறை அச்சில் வந்த செய்தி. அன்று இசைக்கு ஒரே விருது. பாட்டு, பின்னணி இசை இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் இரண்டும் நிலையாகத் தனித்தனி விருதுகளாயின.

பாட்டுகளை மட்டும் கேட்டால் 'ரோஜா' புதிய ஒலி. தாளக் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும்படி ஒலிப்பதிவு செய்த விதமே அதுவரை தமிழில் பழக்கமில்லாதது. 'தேவர் மகன்' படத்தின் பலம் படத்துக்குள் இருக்கிறது. 'போற்றிப் பாடடி பெண்ணே' மெட்டு, சூழலுக்கேற்ப உருமாறித் திரும்பத் திரும்ப வருவதைத் தனியாகக் குறித்துக்கொண்டே பாருங்கள். கதையின் பாதி அதில் நகர்கிறது. பேச்சுக்கு அடியில் இசை எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் பாடலுக்கு 'ரோஜா', பின்னணி இசைக்கு 'தேவர் மகன்' என்று இருவரும் மேடையேறியிருப்பார்கள். ஒன்றுதான் என்றால், படத்துக்கு இசை செய்த வேலையை வைத்து இளையராஜாவுக்கே எங்கள் வாக்கு. அதற்காக ரகுமானுக்குப் போனதைப் பிழை என்று சொல்லத் துணிய மாட்டோம். முதல் படத்திலேயே ஒலியின் இலக்கணத்தை மாற்றியவர் அவர்.

கேள்வி: ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் ஒருவர், சிறந்த படம் வேறொருவருடையது. இது எப்படிச் சரியாகும்?

பதில்: 1998-ஆம் ஆண்டுப் படங்களில் இயக்குநர் விருது 'சேவிங் பிரைவேட் ரயன்' எடுத்த ஸ்பீல்பெர்க்குக்கு, படத்துக்கான விருது 'ஷேக்ஸ்பியர் இன் லவ்'வுக்கு. 2005-ஆம் ஆண்டுப் படங்களில் ஆங் லீ இயக்குநர், படம் 'கிராஷ்'. இரண்டு ஆண்டுகளிலும் ஐந்து படங்கள் போட்டியிட்டன. யாருக்கு அதிக வாக்கோ அவருக்கு விருது. ஐந்தாகப் பிரிந்தால் நூற்றில் இருபதுக்குச் சற்று மேல் வாங்கினாலே ஜெயித்துவிடலாம். வாக்கு எண்ணிக்கையை ஆஸ்கர் வழங்கும் அகாடமி வெளியிடுவதில்லை என்பதால் எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, சிறந்த படத்துக்கு மட்டும் எண்ணும் முறை மாறியது. வாக்காளர் படங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். 100 பேர், நான்கு படங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலிடம் கொடுத்தவர்கள்: அ 34, ஆ 30, இ 20, ஈ 16. பழைய முறையில் 'அ'வுக்கு விருது, விஷயம் முடிந்தது. புதிய முறையில் கடைசியான 'ஈ' நீக்கப்படும். அந்த 16 பேரின் இரண்டாம் விருப்பம் 12 'ஆ'வுக்கு, 4 'இ'க்கு. இப்போது அ 34, ஆ 42, இ 24. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை, 'இ' நீங்குகிறது. அதன் 24-ல் 18 'ஆ'வுக்கும் 6 'அ'வுக்கும் போகின்றன. முடிவு: ஆ 60, அ 40.

ஆக, பலர் வெறித்தனமாக நேசித்து மற்றவர்கள் வெறுக்கிற படத்தை, யாருக்கும் பகையில்லாத படம் முந்திவிடும். 'கிராஷ்' பழைய முறையில் வென்றது, பிற்காலப் படங்கள் புதிய முறையில். இரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் அடைக்காதீர்கள்.

கேள்வி: 'மூன்றாம் பிறை'யில் கமலுக்கு விருது, ஸ்ரீதேவிக்கு இல்லை. மனம் ஆறவில்லை.

பதில்: அந்த ஆண்டு நடிகை விருது 'அர்த்' படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்கு. அது தகுதியான விருதே. ரயில் நிலையக் கடைசிக் காட்சி முழுக்கக் கமலின் கையில் இருப்பதால் வெளியே வரும்போது அவரே நினைவில் நிற்கிறார். அதற்கு முன்பு இரண்டு மணி நேரம், குழந்தை மனதைக் கேலியாக்காமல் காத்தவர் ஸ்ரீதேவி. 2017-ஆம் ஆண்டின் 'மாம்' படத்துக்காக, அவர் மறைந்த பிறகு விருது வந்தது. ஆஸ்கரில் அல் பசீனோவுக்கும் இப்படித்தான். 1974-ஆம் ஆண்டின் 'காட்ஃபாதர் 2'-க்குக் கிடைக்காதது 1992-ஆம் ஆண்டின் 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்துக்கு வந்தது. அன்று 'மால்கம் எக்ஸ்' படத்தில் நடித்த டென்சல் வாஷிங்டன் தோற்றார். ஒரு கடனை அடைக்க இன்னொருவரிடம் கடன் வாங்குகிற கதை.

கேள்வி: எங்கள் திரைப்படக் கழகத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஒரு பழைய ஆண்டின் விருதை நாங்களே மறுபரிசீலனை செய்ய ஆசை. எப்படி நடத்துவது?

பதில்: ஒரே ஆண்டு, ஒரே பிரிவு, வென்ற படத்தையும் சேர்த்து ஐந்து படங்கள். அதற்கு மேல் எடுத்தால் முதலில் பார்த்தது மறந்துபோகும்.

பிரதியைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. பெரும்பாலான மறுதீர்ப்புகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் தேதியும், மீட்டரில் நீளமும் இருக்கும். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். உங்கள் பிரதி 125 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் 21 நிமிடம் வெட்டுப்பட்டிருக்கிறது. அதை வைத்துப் படத்தொகுப்பைப் பற்றிப் பேசுவதே அநியாயம். 140 நிமிடம் என்றால் பயப்பட வேண்டாம். தொலைக்காட்சிக்காக நொடிக்கு 24 சட்டகத்துக்கு (ஃபிரேமுக்கு) பதில் 25-ஆக ஓட்டியிருப்பார்கள். அதில் குரலும் சுருதியும் சற்று உயர்ந்துவிடும் என்பதால் பாடகர், இசை விருதுகளுக்கு அந்தப் பிரதி ஆகாது. டப்பிங் பிரதியில் நடிப்பைத் தீர்ப்பளிக்கவே கூடாது. வேறொருவர் குரலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நாளுக்கு ஒரு படம், பத்து நாளுக்குள் முடியுங்கள். வென்ற படத்தை முதலிலோ கடைசியிலோ வைக்காமல் நடுவில் வையுங்கள். முதலில் பார்த்தால் அதுவே அளவுகோலாகிவிடும், கடைசியில் பார்த்தால் அதன் நினைவு மட்டும் பசுமையாக இருக்கும். நடிப்புப் பிரிவு என்றால் முழுப்படம் முடிந்ததும் முக்கியமான ஒரு காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறை, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். பாத்திரம் நல்லதா, நடிப்பு நல்லதா என்ற குழப்பம் அப்போதுதான் தெளியும். இரங்கத்தக்க வேடம் எழுத்தாளரின் சாதனை. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டதற்காக நடிகருக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

படம் முடிந்த கையோடு, யாரும் வாய் திறப்பதற்கு முன், அவரவர் தாளில் நான்கு வரி எழுதிவிட வேண்டும். குரல் உயர்ந்தவர் முதலில் பேசிவிட்டால் மற்ற ஏழு பேரின் கருத்தும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வேண்டாம். ஒருவர் 90-க்குக் கீழே இறங்க மாட்டார், இன்னொருவர் 60-ஐத் தாண்ட மாட்டார். ஐந்தையும் வரிசைப்படுத்தச் சொல்லி, மேலே காட்டியபடி நீக்கி நீக்கி எண்ணுங்கள்.

எட்டுப் பேர் என்பதால் கடைசிச் சுற்று நான்குக்கு நான்கு என்று நிற்க வாய்ப்பு உண்டு. முதல் படத்தைப் போடுவதற்கு முன்பே ஒன்பதாவது ஆளைச் சேர்த்துவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால், சமன் வந்தால் யாருடைய வாக்கு முடிவு செய்யும் என்பதை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.