காணித் தரகருக்கும் படிப்பு உண்டா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்தில் காணி, வீடு விற்றுக் கொடுப்பவர்களிடமிருந்து வந்தவை. ஆகவே இந்த இதழின் பகுதியை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டோம்.

6 வருடமாகக் காணித் தரகு செய்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சானுக்கும் இதே தொழில்தான். சில வருடத்துக்கு ஒருக்கால் படித்து முடித்தால்தான் அங்கே லைசென்ஸைப் புதுப்பிப்பார்களாம். இங்கே அப்படி ஏதும் உண்டா? – கொக்குவில் வாசகர்

மச்சான் சொல்வது சரி. கலிபோர்னியாவில் 4 வருடத்துக்கு 45 மணித்தியாலம், டெக்சாஸில் 2 வருடத்துக்கு 18 மணித்தியாலம் படித்துக் காட்டவேண்டும். இங்கே காணித் தரகருக்கென்று அப்படிக் கட்டாயப் பரீட்சையோ மணித்தியாலக் கணக்கோ கிடையாது. கேட்க ஆளில்லை என்பதால் பலர் படிப்பதும் இல்லை.

ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும் பட்டப்படிப்பாக இருக்கிறது. உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அது நல்ல வழி. தொழிலில் இறங்கிவிட்ட உங்களுக்கு அவ்வளவு நீண்ட படிப்பு வேண்டியதில்லை. உறுதி வாசிப்பது, அளவை மாற்றுவது, தேசவழமை (வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டம்), காசு பற்றிய சட்டம் ஆகிய நாலையும் ஒழுங்காகப் படித்தாலே போதும். புதிய சட்டங்களும் வர்த்தமானிகளும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் வருகின்றன. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. 2022இல் நொத்தாரிசுச் சட்டமும், ஒருவருக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவச் சட்டமும் திருத்தப்பட்டன. அது தெரியாமல், பழைய தத்துவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போனால், அங்கே தலைகுனிய வேண்டியவர் தரகர்தான்.

உறுதியில் பரப்பு, குழி என்றிருக்கிறது. சேவையர் படத்தில் ஹெக்டயர். வாங்க வருபவர் பேச்சஸில் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். – சாவகச்சேரி, தொழிலுக்குப் புதியவர்

தடுமாறுவதில் பிழையில்லை. தடுமாறாமல் பிழையாகச் சொல்பவர்களைத்தான் எங்களுக்குப் பயம்.

வீட்டுக்காணிக்குப் பார்க்கும் வரகுப் பரப்பு ஒன்றுக்கு 18 குழி. 16 பரப்பு ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 160 பேச்சஸ் என்பதால் ஒரு பரப்பு 10 பேச்சஸ், அதாவது 2,722.5 சதுர அடி. வயலுக்குப் பார்க்கும் நெற்பரப்பு வேறு கணக்கு. அதற்கு 12 குழிதான், 24 பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். இரண்டு கணக்கிலும் ஏக்கருக்கு 288 குழி வரும். குழி மாறுவதில்லை, பரப்புத்தான் மாறுகிறது. ஆகவே மனதில் குழப்பம் வந்தால் முழுவதையும் குழியாக்கிவிட்டு 288ஆல் பிரியுங்கள்.

வயற்காணி உறுதியில் '3 பரப்பு நெல்' என்றிருந்தால் அது 20 பேச்சஸ். வீட்டுக்காணி நினைவில் 30 பேச்சஸ் என்று சொல்லிவிட்டால் ஒரு வரகுப் பரப்பு அளவு நிலம் காற்றில் விற்கப்பட்டுவிடும். பழைய ஆங்கில உறுதிகளில் பரப்பை 'லாச்சம்' என்று எழுதியிருப்பார்கள். பக்கத்தில் வரகா நெல்லா என்பதற்கான குறிப்பும் இருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் அளவு சொல்லாதீர்கள்.

படத்துக்கு வருவோம். ஒரு பேச்சஸ் 25.29 சதுர மீற்றர், ஒரு பரப்பு 0.0253 ஹெக்டயர். உறுதியில் 2 பரப்பு 9 குழி இருக்கிறது என்று வையுங்கள். அது இரண்டரைப் பரப்பு, 25 பேச்சஸ், 0.0632 ஹெக்டயர். புதிதாக அளந்த படத்தில் 0.0590 என்று வந்தால் கையில் இருப்பது 23.3 பேச்சஸ். பரப்பு 20 இலட்சம் என்று பேசியிருந்தால் பேச்சஸ் 2 இலட்சம், குறைவு மூன்றே கால் இலட்சத்துக்கு மேல். ஒழுங்கை அகலித்ததிலோ, பக்கத்துக் கதியால் வேலி வருடா வருடம் ஒரு சாண் நகர்ந்ததிலோ இப்படிப் போயிருக்கலாம். விலையை மொத்தமாகப் பேசாமல் 'அளந்து வரும் பரப்புக்கு இவ்வளவு' என்று முதல் நாளே பேசிவிட்டால் சண்டை வராது.

தரகர் உறுதியில் என்னென்ன பார்க்கவேண்டும்? நொத்தாரிசு பார்ப்பார்தானே? – நல்லூர் வாசகர்

நொத்தாரிசு பார்ப்பார். ஆனால் அவரிடம் போவதற்குள் நீங்கள் மூன்று பேரைக் காணிக்குக் கூட்டிப்போய், விலை பேசி, அச்சாரமும் வாங்கியிருப்பீர்கள். அதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, இந்தக் காணி விற்பவருக்கு எப்படி வந்தது? முதுசமா (பரம்பரையாக வந்ததா), சீதனமா, தேடியதேட்டமா (மணமானபின் தேடியதா)? வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தும் இடத்தில் யார் யார் கையொப்பம் வைக்கவேண்டும் என்பது இந்தப் பதிலில்தான் தொங்குகிறது. பெண்ணின் சீதனக் காணியாக இருந்தால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. இந்த விதி சரியா என்ற விவாதம் இன்றைக்கு நேற்றையது அல்ல. எங்கள் அபிப்பிராயத்தில் அது பெண்ணுக்கு நியாயமான விதியும் அல்ல. ஆனால் நீங்கள் பழைய உறுதியை வாசிக்கும்போது பார்க்கவேண்டியது, அந்த உறுதி முடிக்கப்பட்ட திகதியில் சட்டம் கேட்டது அதில் இருக்கிறதா என்பதைத்தான். 1970களில் ஒரு அம்மா தனியே கையொப்பமிட்டு விற்ற காணி, இன்று நாலாவது கை மாறும்போது அதே கேள்வியோடுதான் வரும்.

இரண்டாவது, பிரிபடாத பங்கு. ஐந்து சகோதரத்தில் ஒருவர் தன் ஐந்திலொன்றை விற்கிறார் என்றால் தேசவழமைப்படி மற்றவர்களுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. 1947இன் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த உரிமையைப் பங்காளருக்கும், விற்பவர் உயிலின்றி இறந்தால் யார் வாரிசாவாரோ அவருக்கும் என்று சுருக்கியது. பக்கத்துக் காணிக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக யாராவது வந்து மறித்தால் அந்தச் சட்டத்தைக் காட்டலாம். ஆனால் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், அவர் நீதிமன்றம் போக வழியிருக்கிறது. 'அவர் இந்தப் பக்கம் வரமாட்டார்' என்பது சட்டத்தில் உள்ள விதிவிலக்கு அல்ல.

மூன்றாவது, அச்சாரம். இதில்தான் ஆகக் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். கடைக் கொப்பித்தாளில் முத்திரை ஒட்டி, 'இவ்வளவு பெற்றுக்கொண்டேன், மூன்று மாதத்தில் உறுதி முடித்துத் தருவேன்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு முடிக்கப்படவேண்டும். கொப்பித்தாளை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். காணியைக் கேட்க முடியாது.

பதிவகத்தில் தேடும்போது 30 வருடம் பின்னால் போவது வழக்கம். ஈடு, ஒற்றி, வழக்குப் பதிவு, தடை மனு எல்லாம் அங்கே தெரியும். உறுதி முடித்த அன்றே பதிவுக்குப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். 1927இன் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தில், பிந்தி எழுதி முந்திப் பதிந்த உறுதி, முந்தி எழுதிப் பதியாமல் கிடந்த உறுதியை வென்றுவிடும்.

கடைசிப் பந்தியையும் விடாதீர்கள். 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்' என்ற வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். பங்குக் கிணறு பக்கத்துக் காணிக்குள் இருக்க, அந்த வரி ஒரு தலைமுறை உறுதியில் விடுபட்டுப்போனால், வாங்கியவருக்குத் தண்ணீரில்லை.

லண்டன் பாஸ்போட் வைத்திருப்பவருக்குக் காணி வாங்கிக் கொடுக்கலாமா? – பருத்தித்துறை வாசகர்

இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் 2014இன் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவர் வெளிநாட்டவர். அவர் பெயரில் எழுதும் விற்பனை உறுதி செல்லாது. தொடர்மாடி வீடு போன்ற விலக்குகள் உண்டு. தாய் தகப்பன் காணி வாரிசுரிமையாக வருவதும் வேறு விடயம். குத்தகைக்கு எடுக்கவும் வழியிருக்கிறது. 'தங்கச்சி பெயரில் எழுதுவோம், பிறகு பார்ப்போம்' என்ற யோசனையை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். தங்கச்சி அதைத் தன் மகளுக்குச் சீதனமாக எழுதினால் உங்களுக்குத்தான் முதல் தொலைபேசி வரும்.

முத்திரை வரி எவ்வளவு என்று கேட்கிறார்கள். – கோண்டாவில் வாசகர்

விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடிக் காணிக்கு 3,000, அதனோடு 396,000, ஆக 399,000 ரூபாய். இதை வாங்குபவர் விலை பேசும் நாளிலேயே தெரிந்துகொள்ளட்டும். உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் அந்தப் பேச்சில் நீங்கள் நிற்காதீர்கள்.

ஒருவர் முழுக் காசையும் பையில் கொண்டுவந்து கொடுக்கிறார். எனக்கென்ன பொறுப்பு? – மானிப்பாய் வாசகர்

நிறையவே. 2006இன் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தில் காணி, வீட்டு முகவரும் வருகிறார். 2018இல் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் விதிகளும் வந்துவிட்டன. மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுதான் இதைப் பார்க்கிறது. அடையாள அட்டைப் பிரதி, முகவரிக்கு ஆதாரம், தொழில், காசு வந்த வழி, வேறொருவருக்காக வாங்குகிறாரா என்பது எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு 6 வருடம் வைத்திருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் 2 வேலைநாளுக்குள் அறிவிக்கவேண்டும். அறிவித்ததை அந்த ஆளிடம் சொல்வது தனிக் குற்றம். 'அண்ணை, உங்களைப் பற்றிக் கேட்கினம்' என்று காதில் போடுவதும் அதில் அடங்கும்.

கிணற்றைப் பற்றிக் கேட்டால் 'நல்ல தண்ணி' என்று சொல்லிவிடுகிறேன். அது போதுமா? – சுன்னாகம் வாசகர்

போதாது. நம் நிலம் சுண்ணாம்புக்கல், நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. மாரியில், மார்கழியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணியில் போய், மோட்டரைப் போட்டதும் ஒரு போத்தல், ஒரு மணித்தியாலம் இறைத்தபின் இன்னொரு போத்தல் எடுத்து இரண்டையும் ருசி பாருங்கள். இரண்டாவது கரித்தால் கீழிருந்து உவர் ஏறுகிறது. நைத்திரேற்றுக்கு ருசி கிடையாது, ஆய்வுகூடத்துக்குத்தான் கொடுக்கவேண்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. தோட்டக் காணிக்குப் பக்கத்துக் கிணறுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். மலசலகூடக் குழி 50 அடி தள்ளி இருக்கிறது என்று ஆறுதல்படவும் வேண்டாம். கல்லிடுக்கு வழியே ஓடும் தண்ணீருக்கு அடிக்கணக்குத் தெரியாது.

எங்களிடம் நாலு பெடியள் வேலை செய்கிறார்கள். பயிற்சி கொடுக்க யாரையும் கூப்பிடவேண்டுமா? – திருநெல்வேலி வாசகர்

முதலில் உங்கள் அலுமாரியைத் திறவுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணித்தியாலம். முடிந்துபோன விற்பனை ஒன்றின் உறுதிப் பிரதிகளை எடுத்து, பெயர், அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துவிட்டு நாலு பேருக்கும் கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் ஆகப் பழைய உறுதியை மேலே வைத்து, யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருடம், எத்தனை பரப்பு, என்ன வகை உறுதி என்று கீழ்நோக்கி எழுதட்டும். பங்குகளைப் பின்னமாக எழுதிக் கூட்டவேண்டும். கூட்டினால் ஒன்று வராவிட்டால், விடுபட்ட ஆள் யாரென்று தேடட்டும். ஒரு காலாண்டுக்கு ஒருமுறை நொத்தாரிசு ஒருவரையும், இன்னொருமுறை சேவையர் ஒருவரையும் கூப்பிட்டு, பெடியள் பிடித்த பிழைகளை அவர்கள் முன்னால் வையுங்கள். அவர்களுக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள், தேத்தண்ணியோடு அனுப்பிவைத்தால் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.