இறங்குதுறையில் ஓர் ஆண்டு: வாசகர் கேள்வி – பதில்

வன்னியின் மேற்குக் கரையில், முழங்காவில் பக்கத்து இறங்குதுறை ஒன்றில் மாலை வேளைகளில் தூண்டில் போடுகிறேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். உரம், பூச்சி, பயிர் நோய் பற்றி வழக்கமாக வரும் கடிதங்களை மீன் கடிதங்கள் மிஞ்சிவிட்டன. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியருக்கு இது கொஞ்சம் அவமானம்தான். இருந்தாலும் இந்த முறை மீனுக்கே இடம். கத்தரிக்காய்க்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

ஓர் ஆண்டாகப் போய்வருகிறீர்களே ஐயா, எந்த மாதம் எந்த மீன் பட்டது? – வாசகர், மல்லாவி

மாதத்தை விடுங்கள், காற்றைக் கேளுங்கள். எங்களுடையது மேற்குப் பார்த்த கரை. தையிலும் மாசியிலும் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை அடங்கிவிடும். தண்ணீர் தெளிந்து, தூணின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பி வரை கண்ணுக்குத் தெரியும். அப்போதுதான் ஓரா வரும். அது தூண்களில் படிந்த பச்சைப் பாசியை மேய வருகிற மீன். அதற்குப் போய் விலை கொடுத்து வாங்கிய இறாலைக் குத்திவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்! அந்தப் பாசியையே சுரண்டி, கோதுமை மாவுடன் இறுக்கமாகப் பிசைந்து, சிறிய தூண்டில் முள் மறையும் அளவுக்கு மட்டும் உருட்டிக் குத்துங்கள். ஓராவுக்கு வாய் சிறியது. விழுங்காது, கொறிக்கும். ஆகவே மிதப்பு உடனே தாழாது. முதலில் நடுங்கும், பிறகு ஒரு பக்கமாக இலேசாக நகரும். அந்த நகர்விலேயே சுண்ட வேண்டும். தாழட்டும் என்று பார்த்திருந்தால் வெறும் முள்தான் மேலே வரும்.

பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும். அந்தியில் முரல் மேல்தண்ணீரில் ஓடும்; ஈயம் கட்டாமல் எறிந்தால் போதும். வைகாசி தொடங்கிச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. நேரே முகத்தில் அடிக்கும், கடல் கலங்கும், அறுந்த சாதாளை (கடற்புல்) கற்றை கற்றையாக நூலில் சுற்றும். வீட்டில் இருப்பவர்கள் புத்திசாலிகள். நான் போனேன். கெளிறு மட்டும் வஞ்சகமில்லாமல் கடித்தது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாலியாறும் மண்டக்கல் ஆறும் காட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து இந்தக் கரையில்தான் தள்ளுகின்றன. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் சிறு மீனையும் இறாலையும் துரத்திக்கொண்டு கொடுவா வரும். கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, வளர்ந்து பருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். கையில் படுகிற பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய்தான். திருப்பி விடுங்கள் என்று உபதேசிக்க மாட்டேன். எனக்குப் பட்டது குழம்பில்தான் முடிந்தது.

தை மாதத்தில் எங்கள் கரையில் நிற்கவே முடியவில்லை. வாடைக் காலத்தில் என்ன செய்வது? – வாசகர், முல்லைத்தீவு

உங்கள் கரை கிழக்குப் பார்த்தது. எங்களுக்கு முதுகில் படுகிற வாடை உங்களுக்கு நெஞ்சில் அடிக்கிறது. சோளகத்தில் நிலைமை தலைகீழாகும். புத்தளம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சோளகத்துக்கு முன்னால் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அமைப்பதும் இந்தக் கணக்கில்தான். (அந்த வருகையையொட்டி எழும் பிணக்குகளை எழுத இந்தப் பகுதி போதாது.) வாடையில் கடலை விட்டுவிட்டு நந்திக்கடல் நீரேரிப் பக்கம் திரும்புங்கள். மழை வெள்ளம் ஏறி வட்டுவாகலில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் திரளி மீனுக்கும் இறாலுக்கும் குறைவிருக்காது. வீச்சுவலைக்காரர் நிற்கிற இடத்தில் மட்டும் தூண்டிலை எறியாதீர்கள். அப்படியும் மனம் அடங்காவிட்டால் மாங்குளம் சந்தியைத் தாண்டி இங்கே வாருங்கள். ஒரே நாளில் இரண்டு கடலையும் பார்த்துவிடுகிற வசதி வன்னியில் இருக்கிறது.

மகனின் கையில் ஓரா முள் ஏறித் துடித்துவிட்டான். என்ன மருந்து? – வாசகி, பூநகரி

சுடுதண்ணீர்தான் அம்மா. ஓராவின் முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4 என்று மொத்தம் 24 முட்கள், அத்தனையிலும் நஞ்சு. அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். குத்துப்பட்ட கையை, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். சூட்டைக் காயப்படாத கையால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்; வலியில் இருக்கிற பிள்ளைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் முறிந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ, மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கெளிறு குத்தினாலும் இதே முறைதான்.

நான் ஓராவைக் கையால் பிடிப்பதில்லை. ஈரச் சாக்கில் கிடத்தி, தலையைச் சாக்கோடு சேர்த்து அமுக்கி, குறட்டால் முதலில் முட்களை நறுக்கிவிட்டுத்தான் தூண்டிலைக் கழற்றுவேன். கழற்றும்போது அது முதுகை நிமிர்த்துகிற விசை இருக்கிறதே, சாக்கு விலகும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேத்தை (உடலை ஊதிக்கொள்ளும் நச்சு மீன்) பட்டால் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அதன் நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. ஈரலை எடுத்துவிட்டால் சரி என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் சாப்பிடாதீர்கள்.

நல்ல தூண்டில் தடியும் றீலும் என்ன விலைக்கு வாங்கலாம்? – வாசகர், வவுனியா

நூல் சுற்ற வெறும் போத்தல் ஒன்று, 20 இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்), நாலு முள், இரண்டு ஈயம். மீதிக் காசுக்கு வீட்டாருக்கு ஏதாவது வாங்கிக்கொடுங்கள். மாலையில் வெளியே விடுவார்கள்.

படகுக்காரர் எங்களை இறங்குதுறையிலிருந்து விரட்டுகிறார்கள். பொது இடம்தானே? – ‘கோபக்காரன்’, கிளிநொச்சி

பொது இடம்தான், ஆனால் உங்களுக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அடுப்பு. வெளியிணைப்பு இயந்திரத்தில் தங்கூசி சுற்றினால் அன்றைய தொழில் போயிற்று. விடிய விடிய நண்டு வலை வந்து இறங்கும். வெறுங்காலோடு உட்கார்ந்து நண்டு கழற்றும் பெண்களின் காலில் நீங்கள் விட்டுவந்த தூண்டில் முள் ஏறினால் அவர்கள் பேசுகிற தமிழை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. படகு வரும் நேரத்தில் நூலைச் சுருட்டுங்கள். அறுந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அவர்களுடைய எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. கடலடியைச் சுரண்டி வலை இழுக்கும் இழுவைமடித் தொழிலை 2017இல் இலங்கை சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் எல்லை தாண்டி வருகிற இழுவைப் படகுகள் இரவில் இவர்களுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. சாதாளைப் படுக்கையைச் சுரண்டினால் ஓராவுக்கு மேய்ச்சலும் இல்லை, நண்டுக்கு ஒதுங்க இடமும் இல்லை. இரவு வலையை இழந்து வந்தவருக்கு முன்னால் நீங்கள் தூண்டிலோடு சிரித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?

பிடித்ததை விற்பீர்களா ஐயா? – வாசகி, துணுக்காய்

விற்கிற அளவுக்குப் பட்டால்தானே! ஓரா சொதிக்குப் போகும். பாசி மேய்கிற மீன் என்பதால் குடலை இறங்குதுறையிலேயே எடுத்துவிட வேண்டும். வீடு வரை கொண்டுபோனால் அந்த நாற்றம் சதையில் ஏறிவிடும். தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டுக் கொதித்த பிறகு மீனைப் போடுங்கள். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைத் தூக்கி ஆட்டுங்கள். முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.