டெக்கரேட்டருக்குள் சேய் உறுப்பு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: வலைச் செயலிகளைக் கட்ட உதவும் ஆங்குலரில், நானே எழுதிய மெத்தட் டெக்கரேட்டருக்குள் (ஒரு மெத்தடின் செயலை மாற்றியமைக்கும் ஃபங்ஷன்), ‘வியூசைல்ட்’ என்ற அறிவிப்பைக் கொண்டு குறித்த சேய் உறுப்பை, அதாவது காம்பொனென்ட் எனும் திரைப்பகுதிக்குள் இருக்கும் உறுப்பை, எடுக்க முயன்றால் ‘அன்டிஃபைன்டு’ (மதிப்பு இல்லை) என்றே வருகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு, நீங்கள் தேடும் நேரம்தான் பொருந்தவில்லை. கிளாஸ் வரையறுக்கப்படும்போதே டெக்கரேட்டர் ஒருமுறை இயங்கி முடிந்துவிடுகிறது. அப்போது காம்பொனென்ட்டின் இன்ஸ்டன்ஸ் (கிளாஸிலிருந்து உருவாக்கப்படும் ஆப்ஜெக்ட்) எதுவும் உருவாகியிருக்காது என்பதால், டெக்கரேட்டரின் கைக்கு வருவன புரோட்டோடைப்பும் (கிளாஸின் மெத்தடுகளைத் தாங்கும் பொது ஆப்ஜெக்ட்), மெத்தடின் பெயரும், டிஸ்கிரிப்டரும் (மெத்தடைத் தாங்கும் விவரத் தொகுப்பு) மட்டுமே. ஆகவே, டிஸ்கிரிப்டரிலுள்ள மூல மெத்தடை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் இடத்தில் புதிய ஃபங்ஷன் ஒன்றை அமர்த்தி, அதற்குள் ‘திஸ்’ (மெத்தட் அழைக்கப்பட்ட இன்ஸ்டன்ஸ்) வழியாகச் சேய் உறுப்பை அணுகி, பிறகு மூல மெத்தடை அதே ‘திஸ்’ஸுடன் அழைக்க வேண்டும். இந்தப் புதிய ஃபங்ஷனை, ‘=>’ குறியிட்டு எழுதும் ஆரோ ஃபங்ஷனாக எழுதிவிடாதீர்கள். அதற்கெனத் தனி ‘திஸ்’ கிடையாது. பலரும் இடறுவது இங்கேதான்.

மெத்தட் எப்போது அழைக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். சாதாரணமாக, காம்பொனென்ட்டின் திரைத்தோற்றம் உருவானதும் வரும் ‘என்ஜிஆஃப்டர்வியூஇனிட்’ கட்டத்தில்தான் சேய் உறுப்பு உறுதியாகக் கிடைக்கும். அது, நிபந்தனைப்படி உறுப்பைக் காட்டும் ‘என்ஜிஇஃப்’புக்குள் இருந்தால், நிபந்தனை மெய்யாகும்வரை காத்திருக்க வேண்டும்.

‘வியூசைல்ட்’ அறிவிப்பையே உங்கள் டெக்கரேட்டருக்குள் ஒளித்துவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆங்குலரின் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) அதை மூல நிரலில் நேரடியாகத் தேடுவதால், மறைத்து வைத்தது அதன் கண்ணில் படாது. அறிவிப்பைக் கிளாஸிலேயே வைத்து, அந்தப் பிராப்பர்ட்டியின் பெயரை மட்டும் டெக்கரேட்டருக்கு ஆர்க்யூமென்ட்டாக அனுப்புங்கள்.