பேஸ்ட் தேய்த்தால் மட்டும் வால்வு வேலை முடிந்துவிடாது
ஷெட் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை என்ஜின் வால்வைப் பற்றித்தான். சிலிண்டருக்குள் காற்றை விடுவது இன்லெட் வால்வு, புகையை வெளியே விடுவது எக்ஸாஸ்ட் வால்வு. வால்வு உட்கார்ந்து மூடும் வளையம் சீட், அதன் தண்டு ஏறி இறங்கும் குழாய் கைடு, இவை எல்லாம் இருக்கும் என்ஜின் மேல்மூடி ஹெட். வீட்டோரம் ஒரு ஷெட் போட்டு, சொந்த வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிறவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இத்தனை பேர் இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். புதுப்பாளையத்தில் என் ஷெட்டும் வீட்டை ஒட்டியதுதான். லேத் கிடையாது. கையால் சுற்றும் சீட் கட்டர், கேஜ், ஒரு சின்ன கம்ப்ரஷர், ஒரு பழைய ஃபிரிட்ஜ் மோட்டார், இவ்வளவுதான். அதனால் இந்த வசதிக்குள் என்ன முடியும், எதை வெளியே கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. ஐடிலிங்கில் குலுங்குகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்தேன். முதல் இரண்டு சிலிண்டரில் 160 பவுண்டு, மூன்றாவதில் 90. ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்ட் பண்ணச் சொல்கிறார்கள். நானே வீட்டில் செய்யலாமா அண்ணே? (நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்)

தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஹெட் இன்னும் மேலே இருக்கும்போதே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இறக்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

முதலில் டாப்பெட், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் டாப்பெட்டில் இடைவெளியே இல்லையென்றால் வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது என்று அர்த்தம். சரியான அளவு வைத்து மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். 90 என்பது 150-க்கு ஏறிவிட்டால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். எடுக்கும்போது பிளக் மூன்றையும் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஜ் பொய் சொல்லும்.

ஏறவில்லையா? பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். அதே 90-ல் நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடு).

கடைசியாக ஏர் விட்டுப் பார்ப்பது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டில் டியூப் வால்வு ஒன்றை பிரேசிங் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிஸ்டனை இரண்டு வால்வும் மூடியிருக்கும் டாப்புக்குக் கொண்டுவந்து, இந்தக் கூட்டை மாட்டி 50 பவுண்டு காற்று கொடுங்கள். அப்புறம் காதுதான் வேலை செய்யும். சைலன்சர் முனையில் புஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்லெட். ஆயில் மூடியைத் திறந்தால் காற்று அடித்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட், அல்லது ஹெட்டில் விரிசல். ஒன்று மட்டும் கவனம்: பிஸ்டன் டாப்பிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று அதைக் கீழே தள்ளி, கிராங்க் சட்டென்று சுற்றும். காற்று விடும் நேரத்தில் கிராங்க் போல்ட்டில் ஸ்பானரும் இருக்கக் கூடாது, கையும் இருக்கக் கூடாது.

கேள்வி: வால்வு பேஸ்ட் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மாட்டிய பிறகும் இழுவை பழையபடியே. எங்கே தவறு? (பாகூரிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, மண்ணெண்ணெய் சோதனை தவறில்லை. அது எவ்வளவு சொல்லும் என்பதுதான் விஷயம். ஹெட்டில் பெட்ரோல் எரியும் அறையில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்ணெண்ணெய் நின்றால் வால்வின் மேல் எவ்வளவு அழுத்தம் விழும்? ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். என்ஜினுக்குள் அந்த வால்வு தாங்க வேண்டியதை இதோடு ஒப்பிடவே முடியாது. போதாததற்கு, மெல்லிய இடைவெளியில் மண்ணெண்ணெய் தன் பசையாலேயே தங்கிவிடும். ஆகவே ஒழுகினால் வால்வு கெட்டது என்பது நிச்சயம். ஒழுகாவிட்டால் நல்லது என்பது நிச்சயமில்லை.

ஊற்றுவதிலும் முறை உண்டு. ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் போட்டு, அறைப் பக்கம் ஊற்றிவிட்டு, போர்ட்டுக்குள் (ஹெட்டில் காற்றோ புகையோ போய்வரும் வழி) டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜினில் அழுத்தம் வரும் திசையும் அதுதான். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். வீட்டு ஷெட்டில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

அறையில் எண்ணெய் நிற்கும்போதே போர்ட் பக்கமிருந்து மிக மெதுவாகக் காற்று விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும் அளவுக்குக் கூடாது. வால்வு விளிம்பில் குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று உற்றுப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்திலிருந்து சரம் சரமாக வந்தால் அந்த இடத்தில் குறை இருக்கிறது. வால்வைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். குமிழியும் கூடவே திரும்பினால் குறை வால்வில். அங்கேயே நின்றால் சீட்டில். இந்த ஒரு சோதனைக்கு விலை கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அது சொல்லித்தரும் அளவுக்கு வேறெதுவும் சொல்லித்தராது என்பேன்.

முடிவாகத் தீர்ப்பு வேண்டுமென்றால் வேக்குவம்தான். காயலான் கடையில் ஃபிரிட்ஜ் கம்ப்ரஷர் கிடைக்கும்; கேஸ் ஏற்கெனவே எடுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். உறிஞ்சும் குழாயில் ஒரு காக் (திறந்து மூடும் திருகு), ஒரு வேக்குவம் கேஜ், முனையில் தடித்த ரப்பர் தட்டு. ஹெட்டில் வால்வு, ஸ்பிரிங், சீல் எல்லாம் மாட்டிய பிறகு ரப்பரைப் போர்ட் வாயில் அழுத்தி இழுக்கவிடுங்கள். முள் 20 அங்குலம் (பாதரச அளவு) தாண்டியதும் காக்கை மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். இழுக்கும்போது வால்வு சீட்டோடு ஒட்டி உட்கார்கிறது. அழுத்தமோ மண்ணெண்ணெய் கொடுத்ததைவிட இருநூறு மடங்குக்கு மேல். முள் அசையாமல் நின்றால் நிம்மதியாக மாட்டலாம். சரிந்தால் உடனே சீட்டைக் குறை சொல்லாதீர்கள். கைடு வழியாகவும் காற்று உள்ளே வரும். தண்டில் ஆயில் விட்டு, மேலே விரலால் கொஞ்சம் கிரீஸ் அப்பி மறுபடி இழுங்கள். இப்போது நின்றால் ஓட்டை கைடில். ஹெட்டில் மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். அந்த ஆவி சூடான கம்ப்ரஷருக்குள் போகக் கூடாது.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் கைடு மீதுதான். வால்வை ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், நீங்கள் தேய்த்தபோது உட்கார்ந்த இடம் வேறு, ஓடும்போது உட்காருகிற இடம் வேறு.

கேள்வி: சார், வகுப்பில் சீட் கட்டிங், லேப்பிங் (பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது) இரண்டும் சொல்லிக்கொடுத்தார்கள். எப்போது எது வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? (முதலியார்பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவி)

கைடு முதலில், சீட் அடுத்து, பேஸ்ட் கடைசியில். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கட்டரின் பைலட் (நடுத் தண்டு) கைடுக்குள் நிற்கிறது. கைடு தேய்ந்திருந்தால் சீட்டும் கோணலாகத்தான் வெட்டும். கைடு மாற்றினால் சீட்டைத் திரும்ப வெட்டியே ஆக வேண்டும்.

பேஸ்ட் என்பது சரிபார்ப்பு வேலை. நைஸ் பேஸ்ட்டை வால்வு முகத்தில் (சீட்டில் ஒட்டும் பகுதி) மட்டும் சிறு பொட்டுகளாக வையுங்கள், தண்டில் படக் கூடாது. வால்வைப் பிடித்திருக்கும் குச்சியை இரு கையாலும் உருட்டி, அவ்வப்போது தூக்கிக் கால் சுற்று மாற்றி வையுங்கள். முதலில் கரகரவென்று கேட்கும். பேஸ்ட் உடைய உடைய அது வழவழப்பான மெல்லிய சத்தமாக மாறும். அங்கே நிறுத்தித் துடைத்துப் பாருங்கள். வால்வு முகத்தின் நடுவில், முழு வட்டமாக, எங்கும் விடாமல், பளபளப்பில்லாத சாம்பல் வளையம் தெரிய வேண்டும். அகலம் இன்லெட்டில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் கொஞ்சம் கூடுதல். சரியான எண்ணை உங்கள் என்ஜின் மானுவலில் பாருங்கள்.

வளையம் விட்டுவிட்டுத் தெரிந்தாலோ, அகலம் 2-ஐத் தாண்டினாலோ, இன்னும் தேய்த்துப் பயனில்லை. தேய்க்கத் தேய்க்க அகலம்தான் கூடும். கட்டரை எடுக்க வேண்டிய இடம் அது. 45 டிகிரியில் சீட், மேலிருந்து குறைக்க 30, கீழிருந்து குறைக்க 60. வளையம் வால்வு விளிம்புக்கு அருகில் போய்விட்டால் 30-ஆல் கீழே இறக்கலாம், தண்டுப் பக்கம் போயிருந்தால் 60-ஆல் மேலே ஏற்றலாம். அகலத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. மெலிந்த சீட்டில் சூடு இறங்காமல் வால்வு கருகும். அகன்ற சீட்டில் கரி சிக்கிக்கொள்ளும், அழுத்தமும் பரவிப் போய்விடும்.

முடித்ததும் வால்வு முகத்தில் மெத்தென்ற பென்சிலால் பத்துப் பன்னிரண்டு குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து லேசாகக் கால் சுற்று திருப்புங்கள். எல்லாக் கோடும் அறுந்திருக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில், கைடுக்குள் பிரஷ் விட்டு, துடைக்கும் வெள்ளைத் துணி கறுக்காமல் வரும் வரை கழுவுங்கள். உடனே துடைத்து ஆயில் தடவிவிடுங்கள். நம் ஊர்க் கடல் காற்றில் வெறும் இரும்பு சீட் மறுநாள் காலைக்குள் செம்பட்டை பிடித்துவிடும்.

கேள்வி: 2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளத்தில் பைக் முழுக மூழ்கியது. அப்படியே நிறுத்தி வைத்து, பல மாதம் கழித்துப் பிரித்தோம். போர், பிஸ்டன், ரிங் புதிது. இன்னும் கம்ப்ரஷன் இல்லை. (குண்டுஉப்பலவாடியிலிருந்து ஒரு வாசகர்)

ஃபெஞ்சல் புயலுக்குப் பின் அந்தத் தண்ணீர் நம் பக்கம் செய்த சேதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் தெருவிலேயே இதே நிலையில் எத்தனை வண்டிகளோ.

என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்திருக்கும். வண்டல் தண்ணீர் அந்த வழியாக ஏறி, சீட்டிலும் வால்வு முகத்திலும் துருக்குழி போட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி அந்தச் சாம்பல் வளையத்தைக் குறுக்கே கடந்து போனால் பேஸ்ட் அதை எடுக்காது. சீட்டை வெட்டி, வால்வைப் புதிதாகப் போடுங்கள். தண்டில் துரு சொரசொரப்பு இருந்தால் கைடும் போயிருக்கும். வால்வு ஸ்பிரிங்கையும் கையோடு மாற்றுங்கள். கம்பியில் துருக்குழி விழுந்த ஸ்பிரிங் அந்த இடத்திலேயே முறியும். முறிந்தால் வால்வு பிஸ்டனில் விழுந்து புது வேலை மொத்தமும் பாழ்.

அடுத்த மழைக்காலத்துக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்த அன்றே பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, பிளக் துளையில் ஆயில் விட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அப்புறம் நாள் கடத்தாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் அப்பா வைத்திருந்த பெட்ரோல் அம்பாசிடர். டாப்பெட் சத்தமே இல்லாமல் அமைதியாக ஓடுகிறது. ஆனால் சூடானால் இழுவை குறைந்து, நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. (திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர்)

அந்த அமைதிதான் ஐயா எனக்குக் கவலை. 1489 சிசி என்ஜினில் 0.015 அங்குலம் இடைவெளி வைப்பது வழக்கம், கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் வேண்டும். அதன் ஹெட் வார்ப்பிரும்பு. சீட்டும் அதிலேயே வெட்டியது. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டில் மெல்லிய படிவமாக நின்று காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். நம் மூச்சுக்கு அது பெரிய நன்மை. ஆனால் மிருதுவான பழைய சீட்டில், சூடான வால்வு நுண்ணியதாக ஒட்டி ஒட்டிப் பிய்த்து, வால்வு ஹெட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும். தண்டு மேலே ஏறும், டாப்பெட் இடைவெளி மூடும். சூட்டில் வால்வு நீண்டதும் மூடவே மூடாது.

இடைவெளியைச் சரியாக வைத்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இன்லெட் அப்படியே இருந்து எக்ஸாஸ்ட் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் சந்தேகமில்லை. கடினமான சீட் ரிங் போட வேண்டும். ஹெட்டைக் குடைந்து, இறுக்கமாக இறக்கும் வேலை. குடையும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது. வீட்டில் முயல வேண்டாம். ஹெட் வேலை மட்டுமே செய்கிற நல்ல லேத் பட்டறையில் கொடுங்கள். அவர்கள் முடித்துக் கொடுத்ததும் வேக்குவம் சோதனையை உங்கள் ஷெட்டில் நீங்களே செய்து பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: புது மாடல் பைக். வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா? (வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர்)

மானுவல் அனுமதித்தால் மட்டும். சில வால்வுகளின் முகத்தில் கடினப் பூச்சு மிக மெல்லியதாக இருக்கும். பேஸ்ட் அதைத் தின்றுவிட்டால் அடியிலிருக்கும் உலோகம் நீண்ட நாள் தாங்காது. அப்படிப்பட்ட வால்வு கசிந்தால் புதிது வாங்குங்கள், சீட்டை மட்டும் வெட்டுங்கள். பக்கெட்டும் (வால்வுத் தண்டின் மேல் கவிழ்ந்த கிண்ணம்) ஷிம்மும் (இடைவெளி சரிசெய்யும் சிறு தகடு) உள்ள என்ஜின் என்றால், சீட் வெட்டிய பிறகு தண்டு உயரும் என்பதால் மெல்லிய ஷிம் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.