மேற்கு யன்னல், மூக்குக்கண்ணாடி, மூன்று மணிக்கு நேர்முகம்

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யாழ். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்தவர். கொழும்பு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு வேலைக்கு, வரும் வாரம் பிற்பகல் 3 மணிக்கு சூமில் நேர்முகம். “போன முறை வேறொரு இடத்துக்குத் தோற்றியபோது, முகம் இருட்டாக இருக்கிறது, பின்னாலிருக்கும் யன்னலை மூடுங்கள் என்றார்கள். மூடினேன், இன்னும் இருட்டாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் தெரிந்த பதிலும் வாயில் வரவில்லை. என் அறையில் மேற்குப் பக்க யன்னல் ஒன்றுதான். கண்ணாடி வேறு போடுகிறேன். ரிங் லைட் வாங்கலாமா? பதில்களை எப்படித் தயார் செய்வது?” என்று கேட்கிறார்.

வளையம் போன்ற அந்த ரிங் லைட் விளக்குக்குக் காசை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம், தங்கச்சி. கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது உதவியைவிட உபத்திரவம்தான். இரண்டு வில்லையிலும் இரண்டு வெள்ளை வளையல் தெரியும், கேட்பவர்களின் கவனம் அதிலேயே நிற்கும்.

நான் பல வருடம் ஸ்ரூடியோவில் படம் எடுத்தவன். பிறகு ஆட்களைத் தெரிவு செய்யும் மேசையிலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: அழகாகத் தெரிவதற்காக வெளிச்சம் தேவையில்லை. பதில் சொல்லும்போது கண் தெரிய வேண்டும். கண் தெரியாதவரை நம்புவது கேட்பவருக்குக் கொஞ்சம் கஷ்டம், அதை அவர் தானே உணர்ந்திருக்கவும் மாட்டார்.

முதலில் போன முறை நடந்ததைப் பார்ப்போம். லப்டொப் கமரா தன் முன்னால் உள்ள முழுக் காட்சியையும் சராசரியாக்கித்தான் வெளிச்சத்தை அளக்கிறது. பின்னால் யன்னல் பளிச்சென்று இருந்தால், ‘காட்சி பிரகாசமாக இருக்கிறது’ என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். முகம் கறுப்பு நிழலாகிவிடும். யன்னலை மூடியதும் அறையில் இருந்த ஒரே வெளிச்சமும் போயிற்று. ஆகவே செய்ய வேண்டியது யன்னலை மூடுவதல்ல, மேசையைத் திருப்புவது. யன்னல் உங்கள் முகத்துக்கு முன்னாலும், கொஞ்சம் பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். அவ்வளவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மிச்சப் பாதி அந்த மேற்கு யன்னல். மூன்று மணிக்கு மேற்குச் சூரியன் யன்னலுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும், நான்கு மணிக்கு மேசை வரை வந்துவிடும். நேர் வெயில் முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் வெள்ளை, மறு கன்னம் கறுப்பு. ஐப்பசி மாதமாகையால் இன்னொரு தொல்லையும் உண்டு. மேகம் வந்து போவதால் நேர்முகத்தின் நடுவே முகம் மங்கிப் பிரகாசித்து மங்கும். மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை யன்னலில் கட்டிவிடுங்கள். பழைய வேட்டி ஒற்றையாகவே போதும். வெயில் அந்தத் துணியில் பட்டுப் பரவும்போது, சூரியன் என்ற சின்னப் பொட்டு மறைந்து, யன்னல் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடும். வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதோ, நிழலின் ஓரம் அவ்வளவு மென்மையாகும். ஸ்ரூடியோக்களில் காசு கொடுத்து வாங்கிய பெரிய வெள்ளைப் பெட்டிகள் செய்ததும் இதே வேலைதான்.

வீட்டில் வடக்குப் பார்த்த யன்னல் எங்காவது இருந்தால், அது சமையலறையாகவே இருந்தாலும், அங்கே மேசையைக் கொண்டுபோகலாமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆவணி நடுப்பகுதியிலிருந்து பங்குனி முடியும்வரை நடுப்பகலில் சூரியன் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் வடக்கு யன்னலில் நேர் வெயில் விழாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் ஒரே சீராக வரும். (ஆனி மாதத்தில் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும்.) ஒன்று மட்டும் கவனியுங்கள். யன்னலுக்கு வெளியே நெருக்கமாக மாமரமோ வாழையோ நின்றால் முகத்தில் பச்சை ஏறும். நம் வீடுகளில் அறைச் சுவருக்கு அடிக்கும் இளம்பச்சை, இளநீலப் பெயின்டும் இப்படித்தான் தன் நிறத்தை முகத்தில் ஏற்றும்.

யன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் இருண்டிருந்தால், அந்தப் பக்கம் ஒரு கதிரையை வைத்து அதன் முதுகில் வெள்ளை பெட்ஷீற்றைப் போடுங்கள். மேசையிலும் வெள்ளைத் துணி அல்லது வெள்ளைக் கடதாசி விரியுங்கள். கீழிருந்து வரும் அந்த எதிரொளி கண்ணுக்குக் கீழே உள்ள நிழலை எடுத்துவிடும். எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் போலத் தோன்றும், செய்து பார்த்தால் நம்புவீர்கள்.

இனி பின்சுவர். ‘வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நம் தோல் நிறத்துக்கு நான் அதைச் சொல்வதில்லை. காட்சியில் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால், மேலே சொன்ன அதே கமராக் கணக்கு முகத்தை மேலும் ஒரு படி கறுப்பாக்கிவிடும். பழுப்போ சாம்பலோ கலந்த நடுத்தர நிறத் திரைச்சீலை, அல்லது மர அலுமாரி பின்னால் இருந்தால் முகம் இயல்பாக வரும். சட்டைக்கும் இதே நியாயம்தான், பளிச்சென்ற வெள்ளையை விட்டுவிட்டு நீலமோ அடர் பச்சையோ உடுத்துங்கள். சுவருக்கும் உங்களுக்கும் இடையில் நாலைந்து அடி விடுங்கள். சாமிப் படத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் கண்ணாடியில் யன்னல் பளபளத்தால் மட்டும் கொஞ்சம் சரித்து மாட்டுங்கள்.

மூக்குக்கண்ணாடிப் பளபளப்புக்கு ஒரே விதிதான்: வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் தெறிக்கும். வெளிச்சம் கமராவுக்கு நேர் பின்னால் இருந்தால் அது வில்லையில் பட்டு நேராகக் கமராவுக்கே திரும்பி வரும். யன்னலைப் பக்கவாட்டுக்குத் தள்ளும்படி கதிரையைத் திருப்புங்கள். விளக்கென்றால் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். காதுக்கு மேலுள்ள கண்ணாடிக் காலைத் துளி உயர்த்தினால் வில்லை சற்றுக் கீழ்நோக்கிச் சாயும், பளபளப்பும் போகும். பலர் மறப்பது லப்டொப் திரையை. அதுவும் ஒரு விளக்குத்தான். வெள்ளை ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தால் வில்லை இரண்டும் நீலமாக மின்னும். திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள்.

மழை இருட்டிவிட்டால் விளக்குத் தேவைப்படும். மேசை விளக்கை முகத்துக்கு நேரே பிடிக்காமல், உங்கள் முன்னால் உள்ள சுவர் வெளிறிய நிறமென்றால் அந்தச் சுவரில் அடியுங்கள். தூரம் கூடக் கூட வெளிச்சம் குறைந்துவிடும், ஆகவே சுவருக்குக் கிட்ட இருங்கள். கடையில் ‘டே லைட்’ என்று எழுதிய 6500 கெல்வின் எல்ஈடி பல்பைக் கேளுங்கள், மஞ்சள் பல்பும் யன்னல் வெளிச்சமும் கலந்தால் முகம் பாதி செம்மஞ்சள், பாதி நீலம். கூரை விளக்குக்குக் கீழே ஃபான் சுற்றினால் அதை நிறுத்துங்கள். ஒருமுறை நானே இந்தப் பிழையைவிட்டு, முகத்தில் இறக்கையின் நிழல் ஓட ஓட அரை மணித்தியாலம் கதைத்திருக்கிறேன். படத்தில் கோடு கோடாக ஓடினால், கமரா அமைப்பில் 60 என்று இருப்பதை 50 ஹேர்ட்ஸ் ஆக்குங்கள், நம் மின்சாரம் 50.

கமரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும். பழைய உயர்தரப் பாஸ்ட் பேப்பர் கட்டுகள் வீட்டில் கிடக்கும், லப்டொப்புக்குக் கீழே அடுக்குங்கள். கமராக் கண்ணை மெல்லிய துணியால் துடையுங்கள். முக்கால்வாசிப் பேருடைய ‘மங்கல் கமரா’ விரல் எண்ணெய்தான்.

அப்புறம், பதில்கள். நேர்முகம் ஆங்கிலத்தில் என்பதால் பிள்ளைகள் பதிலை முழுதாக எழுதிப் பாடமாக்கி வருவார்கள். மேசையின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு முதல் வசனத்திலேயே அது தெரிந்துவிடும். நடுவில் ஒரு சொல் தவறினால் முழுப் பதிலும் சரிந்துவிடும், உங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். வசனத்தைப் பாடமாக்காதீர்கள், சம்பவத்தை நினைவில் வையுங்கள். பயிற்சிக் காலத்தில் உண்மையாக நடந்த நான்கைந்து சம்பவங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, உங்களிடம் கேட்டது என்ன, நீங்கள் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆனது என்று நான்கு கேள்விக்கும் ஒவ்வொரு வரி.

உதாரணமாக, களஞ்சியப் பதிவேடும் கையிருப்பும் ஒத்துவரவில்லை என்று வையுங்கள். “எனக்குக் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் உண்டு” என்பது வெறும் வாக்கு. “மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளை நாள் வாரியாகப் பிரித்தேன். திருப்பி அனுப்பிய சரக்கை யாரும் பதியவில்லை என்று தெரிந்தது. பதிவேட்டில் அதற்கென ஒரு தனிப் பத்தி போட்டேன், அடுத்த மாதம் கணக்கு ஒத்து வந்தது” என்பது பதில். இதை எளிய, சின்ன ஆங்கில வசனங்களில் சொன்னால் போதும். இலக்கணம் ஒன்றிரண்டு இடத்தில் தவறினாலும் கேட்பவர் அந்தப் பத்தியைத்தான் நினைவில் வைப்பார். இதே சம்பவம் ‘பிழையை எப்படிக் கையாண்டீர்கள்’ என்ற கேள்விக்கும் உதவும், ‘தனியாக முடிவெடுத்த சந்தர்ப்பம்’ என்ற கேள்விக்கும் உதவும்.

விளம்பரத்தை அச்செடுத்து, அவர்கள் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகைமைக்கும் எதிரே எந்தச் சம்பவம் என்று எழுதுங்கள். கமராவுக்குப் பக்கத்தில் ஒட்டுவதானால் சொற்கள் மட்டும், நான்கைந்துக்கு மேல் வேண்டாம். வாசிக்கும் கண் இடமும் வலமும் ஓடுவது அந்தப் பக்கம் தெளிவாகத் தெரியும். வெளிச்சத்தை இவ்வளவு சரிசெய்த பிறகு இன்னும் தெளிவாகத் தெரியும்! சூமில் உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் மறைத்துவிடலாம், மறைத்துவிடுங்கள். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேசுகிறவர் யாரோடும் பேசுவதில்லை. கேள்வி முடிந்ததும் ஒரு விநாடி பொறுத்துத் தொடங்குங்கள், சத்தம் பிந்தி வருவதால் இல்லாவிட்டால் ஆளை ஆள் முட்டிக்கொள்வீர்கள்.

கரண்ட் போனால் லப்டொப் நிற்காது, ரூட்டர் நின்றுவிடும். போனில் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட்டை முதல்நாளே இணைத்துப் பாருங்கள். 720 என்ற படத் தரத்தில் இருவர் பேசினால் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி அளவில் போகும். அழைத்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி மேசையில் வையுங்கள். தண்ணீர் மோட்டரை அந்த நேரம் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண்கார ஓட்டோவை யாராலும் நிறுத்த முடியாது. பாட்டுக் கேட்டால் சிரித்துவிட்டு, “ஒரு நிமிடம்” என்று மைக்கை மூடுங்கள், கொழும்பிலும் அந்த ஓட்டோ ஓடுகிறது.

முதல்நாள் அதே மூன்று மணிக்கு, அதே சட்டையோடு, அதே கதிரையில் இருந்து சூமிலேயே பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். காலையில் செய்யும் ஒத்திகை மேற்கு யன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்தி, திரை மாறியதைப் பார்த்த பிறகே வாய் திறவுங்கள். ஒருமுறை நாங்கள் குழுவாக இருந்தபோது ஒரு பிள்ளை நன்றி சொல்லிவிட்டு, மைக் திறந்திருப்பது தெரியாமல், “ஐயோ அம்மா, சம்பளம் கேக்க மறந்திட்டன்” என்று கத்தினார். இரண்டாம் சுற்றில் நாங்களே அதை முதலில் சொல்லிவிட்டோம்.