அப்டேட் முடிந்தது, டிஸ்ப்ளே எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே புகார்தான்: "ராத்திரி அப்டேட் ஆனது, காலையில் திரை சரியில்லை." அதற்கு அடுத்த வரியும் ஒன்றேதான்: "ஃபார்மட் அடித்துவிடலாமா?" கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், ஃபார்மட் அடித்துக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். பல வீடுகளில் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் முழுதாக அணைப்பதே இல்லை. அப்டேட் வரும்போதுதான் அது ஒழுங்காக அணைந்து எழுந்திருக்கிறது. அதுவரை தெரியாமல் இருந்த பழுது அப்போது வெளியே வரும், பழி அப்டேட்டின் தலையில் விழும். எது அப்டேட் கெடுத்தது, எது முன்பே கெட்டிருந்தது என்று பிரித்துவிட்டால் செலவு பாதியாகக் குறையும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் பார்க்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு எழுத்தெல்லாம் குண்டு குண்டாகத் தெரிகிறது. சான்றிதழ் விண்ணப்பப் பக்கம் திரைக்குள் அடங்கவில்லை. முன்பு 1920 x 1080 இருந்தது, இப்போது 1024 x 768-க்கு மேல் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. பார்க்க வந்தவர் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார். போடட்டுமா?
வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: போடாதீர்கள் அம்மா. கார்டு செத்திருந்தால் பெரும்பாலும் திரையே வராது. வந்தாலும் கோடும் புள்ளியுமாக இறையும். உங்களுக்குப் படம் சுத்தமாக வருகிறது, அளவு மட்டும்தான் தவறு. இன்னொன்று, பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தால், உங்கள் கிராபிக்ஸ் மதர்போர்டு வழியாகவே வருகிறது. தனிக் கார்டே இல்லாத பெட்டிக்கு "கார்டு போய்விட்டது" என்று சொல்லி அனுப்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் ஒரு பெயர் வரும். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது இருக்க வேண்டும். அதற்குப் பதில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், அப்டேட்டில் உங்கள் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள், கழன்றுவிட்டது என்று பொருள். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏதோ ஒரு படத்தைக் காட்ட விண்டோஸ் வைத்திருக்கும் மாற்று ஏற்பாடு அது. படம் காட்டும், உங்கள் மானிட்டருக்கு ஏற்ற அளவெல்லாம் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரை இறக்கி நிறுவினால் முடிந்தது. இடையில் "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் கண்ணில் படும். ஒன்றையும் தொடாதீர்கள், ஒன்றைச் சரிசெய்ய வந்து நான்கைக் கெடுக்கும்.

பெயர் சரியாக இருக்கிறது, ஆனால் அப்டேட் புதிய டிரைவரைப் போட்டு அதனால் கெட்டது என்றால், அந்தப் பெயரின் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, டிரைவர் என்ற தாவலில் "ரோல் பேக் டிரைவர்" கொடுங்கள். பழையது திரும்ப வந்துவிடும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை. அப்போது மேலே சொன்ன வழிதான்.

இரண்டுமே சரியாக இருந்தால்தான் என் சந்தேகம் கேபிள் பக்கம் திரும்பும். நீல நிற முனை கொண்ட பழைய விஜிஏ கேபிளா உங்களுடையது? அதே டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். "ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்" என்று இருந்தால், எதிரே இருப்பது எந்த மானிட்டர் என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. தன் மாடல் என்ன, எந்த அளவு வரை தாங்கும் என்பதை மானிட்டர் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டருக்குச் சொல்லும். விஜிஏ முனையில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 பின்களுக்கான இடம். அந்தத் தகவல் போவது 12, 15 ஆகிய இரண்டு பின்களில். படத்தின் நிறங்கள் 1, 2, 3-ல் போகின்றன. அதனால் 12-வது பின் வளைந்தாலும் உடைந்தாலும் படம் பளிச்சென்று வரும், அளவு மட்டும் கிடைக்காது. பழைய தகவலை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், மறுபடி எழுந்ததும் விசாரிக்கும், பதில் வராது, பாதுகாப்பாக 1024 x 768-ல் நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு அப்டேட்தான் கெடுத்தது போலத் தோன்றும்.

கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு முனையைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நடு வரிசையில் 9-வது பின் இல்லாமல் இருந்தால் பதற வேண்டாம், பல கேபிள்களில் அதைத் தயாரிப்பிலேயே விட்டுவிடுவார்கள். மற்றவற்றில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். தேவனாம்பட்டினம், கடலூர் துறைமுகம் பக்கத்திலிருந்து என் மேசைக்கு வரும் கேபிள்களில் உப்புக்காற்று செய்யும் இந்தக் கைவேலையை அடிக்கடி பார்க்கிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலர்ந்த பிறகு செருகி, இரு பக்கத் திருகையும் முறுக்குங்கள். சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் விஜிஏவை விட்டே விலகிவிடலாம். எப்படிப் பார்த்தாலும் கிராபிக்ஸ் கார்டு விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப் அப்டேட் ஆகி எழுந்ததும் திரை முழுக்கக் கறுப்பு, மவுஸ் அம்புக்குறி மட்டும் நகர்கிறது. நாளை மறுநாள் புராஜெக்ட் தர வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, அம்புக்குறி நகர்கிறது என்றால் திரையும் நன்றாக இருக்கிறது, கோப்புகளும் பெரும்பாலும் பத்திரம். டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரர் மட்டும் எழவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் "ரன் நியூ டாஸ்க்" கொடுத்து எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் தட்டுங்கள். டெஸ்க்டாப் வந்தால் முதல் வேலையாகப் புராஜெக்டைப் பென் டிரைவில் நகலெடுங்கள். ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

வரவில்லையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். 'பீப்' என்று ஓர் ஒலியும் ஒரு சிமிட்டலும் வரும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் அணைந்து எழும், திறந்திருக்கும் கோப்புக்கு ஆபத்தில்லை. கல்லூரியில் புரொஜெக்டரில் இணைத்திருந்தீர்கள் என்றால் விண்டோஸும் பியும் (P) சேர்த்து அழுத்திப் பாருங்கள். படம் இல்லாத இரண்டாவது திரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

அதிலும் மசியவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டு, நிறுவனத்தின் சின்னம் தெரிந்ததும் அதேபோல அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் அது தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திர அப்டேட் என்றால் குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். புதிய பதிப்புக்கே மாறியிருந்தால் ஃபீச்சர் அப்டேட்டை. ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் 11-உடன் வந்த லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போட்டிருக்கும். இந்த இடத்தில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். வேறொரு கைபேசியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து முதலில் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லையே என்று ஃபார்மட் அடித்தால் புராஜெக்ட்டும் சேர்ந்து போகும்.

அம்புக்குறியும் தெரியாமல், டார்ச் அடித்துப் பார்த்தால் திரையில் படம் மங்கலாகத் தெரிகிறது என்பவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம். அது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அணைந்த கோளாறு. நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன். புதிய விண்டோஸ் போட்ட பிறகு, லதா எழுத்துருவில் நான் தட்டச்சு செய்த கட்டுரைத் தொகுப்பின் பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்ணும் பொருந்தவில்லை. எழுத்துருப் பெட்டியில் லதா என்றுதான் காட்டுகிறது.
வாசகர், வில்லியனூர்

பதில்: ஐயா, பெட்டியில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. உங்கள் கணினியில் ஆங்கிலம் மட்டுமே மொழியாக இருந்தால் அவை தாமாக நிறுவப்படமாட்டா. அதனால் நிர்மலா யுஐ என்ற எழுத்துருவில் உங்கள் கட்டுரைகளைக் காட்டுகிறது. அதன் வரி உயரமும் எழுத்தகலமும் வேறு, ஆகவே பக்கங்கள் நகர்ந்தன. ஸ்டார்ட் தேடலில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று ஆங்கிலத்தில் தேடி, புதிதாகச் சேர்க்கும் பட்டியலில் "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" என்பதை நிறுவுங்கள். இணைய இணைப்பு வேண்டும். பிறகு வேர்டை மூடித் திறந்தால் பக்கங்கள் பழைய இடத்துக்கு வரும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், அங்கேயும் இதே வம்பு வேண்டாம்.

உங்களிடம் பாமினியில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், அவை தமிழாகவே தெரியாமல் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. பாமினி எழுத்துருக் கோப்பைத் தேடிப் போட்டுவிட்டு, முடிந்த மட்டும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

கேள்வி: உபுண்டு பயன்படுத்துகிறேன். என்விடியா கார்டு. அப்டேட்டுக்குப் பிறகு உள்நுழையும் திரையே வருவதில்லை.
வாசகர், நெய்வேலி

பதில்: உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகியிருக்கும், என்விடியா டிரைவர் அதனோடு ஒட்டவில்லை. கணினி எழும்போது எஸ்கேப்பைத் தட்டினால் எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும், பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்திருங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போய், கூடுதல் டிரைவர்கள் பகுதியில் என்விடியாவை மறுபடி நிறுவுங்கள்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி தாக்கல் நேரத்தில்தான் அப்டேட் வந்து தொலைக்கிறது. ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?
வாசகர், பண்ருட்டி

பதில்: நிறுத்தாதீர்கள், தள்ளிப்போடுங்கள். விண்டோஸ் அப்டேட் அமைப்பில் ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. மாதத் தாக்கலுக்கான 11, 20 தேதிகள் கழியும் வரை தள்ளிவிட்டு, அடுத்த நாள் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். புதிய பதிப்புக்கு மாறிய பின் பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். இடம் காலியாகட்டும் என்று அதற்குள் "விண்டோஸ் ஓல்டு" கோப்புறையை அழித்துவிடாதீர்கள், திரும்பும் வழி அதில்தான் இருக்கிறது. இன்னும் விண்டோஸ் 10-தான் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மண்டிக்காரர்களின் வங்கி விவரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது அதை அப்படியே விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 11-க்குத் தாங்குமா என்று பார்த்து மாற்றுங்கள். தாங்காது என்றால், தாக்கல் இல்லாத வாரத்தில் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு எனக்கு மாடல் எண்ணோடு எழுதுங்கள்.