பங்குக் கிணறும் ஆறு கொம்பியூட்டரும்

அன்புள்ள அண்ணைக்கு,

வடமராட்சியில எங்கட ஊர் சனசமூக நிலையத்துக்குச் செயலாளரா இருக்கிறன். கனடாவில இருக்கிற எங்கட ஊர்ச் சனம் காசு சேர்த்து ஆறு கொம்பியூட்டர் வாங்கித் தந்தவை. பின்னேரத்தில பெடியள் வந்து படிக்கிறாங்கள், படிச்சு முடிய கேம் விளையாடக் கேக்கிறாங்கள். எல்லாரும் காசு போட்டு ஒரு கேம் சீடி வாங்கினம். அதை ஆறிலயும் கொப்பி பண்ணிப் போட்டால் ஒண்டா விளையாடலாம். ஒருத்தரிட்டையும் காசு வாங்கப்போறதில்லை. எங்கட தலைவர், அவர் பென்சன் எடுத்த அதிபர், இது களவு எண்டு நிக்கிறார். நான் சொன்னன், பங்குக் கிணறு மாதிரித்தானே, ஒராள் வெட்டினாலும் எல்லாரும் அள்ளலாம் எண்டு. பெரிய வெளிநாட்டுக் கம்பனிக்கு எங்கட ஆறு மெஷினால என்ன நட்டம்? எல்லாரும் செய்யிறதுதானே? சட்டம் என்ன சொல்லுது எண்டு எழுதுங்கோ.

அன்புள்ள தம்பி,

உம்மட கடிதத்தில பங்குக் கிணறு எண்ட சொல்லைக் கண்டவுடன வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன். போன கிழமைதான் அம்மாவின்ர காணி உறுதியை எடுத்து விரிச்சுப் பாத்தனான், அதில "கிணற்றில் நாலிலொரு பங்கும் வழி வாய்க்காலும்" எண்டு வடிவான எழுத்தில கிடக்கு, அதையே யோசிச்சுக்கொண்டு திரிஞ்ச நேரத்திலதான் உம்மட கடிதம் வந்தது.

முதல்ல கேட்டதுக்குப் பதில். ஏலாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் எங்கட நாட்டில இதுக்கு உள்ள சட்டம். ஒழுங்கா வாங்கின சொந்தக்காரர் அந்த புரோகிராமைப் பாவிக்கிறதுக்குத் தேவையான அளவுக்கும், மூலப்பிரதி துலைஞ்சால் பழுதானால் எண்டு எடுத்து வைக்கிறதுக்கும் ஒரு பிரதி எடுக்கலாம், அவ்வளவுதான் விட்டிருக்கு. ஆறு மெஷினில ஆறு பிரதி அதுக்குள்ள வராது. காசு வாங்காட்டிலும் வராது. தெரிஞ்சுகொண்டு மீறினால் நீதவான் அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் தண்டமோ ஆறு மாசம் வரைக்கும் மறியலோ ரெண்டுமோ குடுக்கலாம். நிலையத்துக்குப் பொலிஸ் வரும் எண்டு பயப்படுத்த இதை எழுதேல்ல, கேட்டீர், சொல்லிப்போட்டன்.

எல்லாரும் செய்யினம் எண்ட கதையை விடும். அதுக்கு நான் பதில் எழுதமாட்டன்.

இனி கிணத்துக்கு வாறன். ஒராள் வெட்டினாலும் எல்லாரும் அள்ளலாம் எண்டு உமக்கு ஆர் சொன்னது? உம்மட அப்பாவிட்டக் கேளும், அப்பப்பா இருந்தால் அவரிட்டக் கேளும். பங்குக் கிணத்தில பங்கு உறுதியில எழுதிக் கிடக்கும், ஆருக்கு எத்தினை பங்கு, ஆற்ற முறை எந்த நாள் எண்டு முழு ஒழுங்கைக்கும் தெரியும். எங்கட முறை விடியக் காலமை எண்டால் அப்பா நாலு மணிக்கு எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி மாறப் போவார், ஏழு மணிக்குப் பக்கத்துக் காணிக்காரர் வந்து வரம்பில நிண்டால் பாத்தி முடிஞ்சாலும் முடியாட்டிலும் மிஷினை நிப்பாட்டுவார், ஒரு வாளி கூட அள்ளமாட்டார். சித்திரை வைகாசியில கிணறு இறைச்சுச் சேறு அள்ளேக்க பங்குக்காரர் எல்லாரும் ஆள் அனுப்பவேணும், ஆள் இல்லாட்டில் கூலி குடுக்கவேணும். உரும்பிராய்க்கும் இணுவிலுக்கும் போனீர் எண்டால் தோட்டக்காரர் உமக்கு இதை இன்னும் விளக்கமாச் சொல்லுவினம். தேசவழமையில, அதுதான் எங்கட யாழ்ப்பாணத்துக் காணிச் சொத்து வழமைச் சட்டம், பங்காளிக்குச் சொல்லாமல் ஒருத்தர் தன்ர பங்கை வெளி ஆளுக்கு விக்கவே ஏலாது, முதல் கேள்வி பங்காளிக்குத்தான். இவ்வளவு கேள்வியும் ஒழுங்கும் முறையும் உள்ள ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து "ஆரும் அள்ளலாம்" எண்டு எழுதியிருக்கிறீர், தம்பி, எனக்கு உண்மையாவே கோவம் வந்தது. எங்கட சனம் பங்கு எண்டு சொன்னால் அதுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. கேட்டு அள்ளுறதுதான் பங்கு.

அதாலதான் சொல்லுறன், நீங்கள் வாங்கின ஒரு சீடியை ஒரு மெஷினில போட்டு முறை வச்சு விளையாடுங்கோ, ஆளுக்கு அரை மணித்தியாலம். அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேலாது. இல்லை, ஆறு பேரும் ஒண்டா விளையாடத்தான் வேணும் எண்டால் செய்தவனே சம்மதிச்ச கேமைத் தேடும். 1998இல வந்த ஸ்டார்கிராஃப்டில ஒரு சீடியை வச்சு எட்டுப் பேர் வரைக்கும் ஒரே நெற்வேர்க்கில விளையாட அந்தக் கம்பனியே வழி விட்டது, மற்ற மெஷினுகளில போடுறதுக்கெண்டு ஒரு குறைஞ்ச பதிப்பை அதே சீடியில வச்சவை. இப்ப ஸ்டீம் எண்ட இன்ரநெற் கேம் கடையில குடும்பம் எண்டு ஆறு பேர் சேரலாம், ஆனா அது ஒரு வீட்டுக்காரருக்கு, அதிலயும் ஒரே கேமை ரெண்டு பேர் ஒரே நேரத்தில விளையாட ரெண்டு பிரதி வாங்கியிருக்கவேணும். சீரோ ஏடி எண்டு ஒண்டு இருக்கு, பழைய ராச்சியங்கள் கட்டிச் சண்டை பிடிக்கிறது, அதைச் செய்தவை ஆரும் எத்தினை பிரதியும் எடுக்கலாம் எண்டு உரிமத்திலயே எழுதி வச்சிருக்கினம். ஆறில என்ன, அறுபதில போடும்.

பெரிய கம்பனிக்கு என்ன நட்டம் எண்டு கேட்டிருக்கிறீர். பிரின்ஸ் ஒஃப் பேர்சியா எண்ட கேம் உமக்குத் தெரியும்தானே. ஜோர்டன் மெக்னர் எண்ட ஒரு பெடியன் 1985இல தொடங்கி 1989இல முடிச்சது. தன்ர தம்பியை ஓடவிட்டுப் பாயவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு அசைவா வரைஞ்சவர். அந்த இளவரசன் ஓடுறது ஒரு தம்பி ஓடின ஓட்டம். பிறகு அந்தக் கேமின்ர மூல நிரல் துலைஞ்சுபோய், 2012இல தகப்பன் பழைய டிஸ்க்குகளைக் கண்டெடுத்துக் குடுக்க, மெக்னரே அதை எல்லாரும் பாக்கட்டும் எண்டு வெளியில விட்டார். கம்பனி எண்டு நாங்கள் சொல்லுற இடத்தில இப்பிடி ஒரு வீடு, ஒரு தம்பி, ஒரு தகப்பன் இருக்கினம்.

எனக்கு அந்த வீடு தெரியும். அமெரிக்காவில இல்லை, எங்கட ஒழுங்கையில.

நான் ஏஎல் படிக்கேக்க யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. 1990இல போனது, திரும்பி வரக் கன வருசம். தாள் இல்லை, பேப்பரே கோடு போட்ட கொப்பித் தாளில வந்த காலம். எங்களுக்குப் பிரயோக கணிதம் படிப்பிச்ச சேர் ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டார். ஸ்ரென்சில் தாளில ஊசிப் பேனையால ஒவ்வொரு கணக்கா, ஒவ்வொரு படமாக் கீறி, கையால சுத்திற றோனியோவில அடிச்சு, அவற்ற மனிசி நூல் கோத்துக் கட்டினவ. எங்களிட்டக் காசு இல்லை. கூட்டாளி ஒருத்தன் முதல் நாளே வாங்கினவன், அவனிட்ட இரவல் வாங்கி ஜாம் போத்தல் விளக்கில, நாலு சொட்டு மண்ணெண்ணெயில, பதினொரு ராத்திரி இருந்து சீஆர் கொப்பியில முழுக்க எழுதினன். விடிய மூக்குக்குள்ள விரல் விட்டால் கரிதான் வரும். என்ரயைப் பாத்து இன்னும் அஞ்சு பேர் எழுதினாங்கள். இரவல் குடுத்தவன்ர புத்தகம் அவனிட்டயே திரும்பிப் போச்சுது, ஆனா ஒரு புத்தகம் ஏழாகிப்போச்சு. இரவலுக்கும் பிரதிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், உம்மட சட்டம் முழுக்க அந்த இடத்திலதான் நிக்குது.

ஒருநாள் ஒரு கணக்கு விளங்காமல் சேரின்ர வீட்டுக்குப் போனன். கட்டிலுக்குக் கீழ விக்காத புத்தகங்கள் கட்டுக் கட்டாக் கிடந்தது, ஒரு கட்டில கறையான். கொப்பியை நீட்டிப்போட்டுத்தான் எனக்கு விளங்கினது என்னத்தை நீட்டியிருக்கிறன் எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்ல. தாளைப் பிரட்டிப் பிரட்டிக் கொண்டுபோய் ஒரு இடத்தில நிப்பாட்டினார். ஏழாவது கணக்கின்ர விடையில சைன் வரவேண்டிய இடத்தில கோசைன். "வித்த புத்தகம் எல்லாத்தையும் திரும்ப வாங்கிச் சிவத்தப் பேனையால திருத்திக் குடுத்தனான் அப்பன், உன்ர எனக்குத் தெரியாமல் போச்சு" எண்டு சொல்லி அதிலயே திருத்தினார். பிறகு கேட்டார், "உதைப் பாத்து வேற ஆர் எழுதினது?" அஞ்சு பேர் எண்டன். "போய் அஞ்சையும் திருத்திவிடு, சோதினை வருது" எண்டார். காசைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனன். நாலு பேரின்ரயைத் திருத்தினன். அஞ்சாவது பெடியன் முதல் கிழமைதான் கிளாலிக் கடலால கொழும்புக்குப் போயிட்டான், கொப்பியோட.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி வருது எண்டு எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டம். சேரும் போனார். அடுத்த வருசம் திரும்பி வரேக்க அவற்ற வீட்டுக்குக் கூரை இல்லை, புத்தகம் ஒண்டும் இல்லை. இப்ப அவரும் இல்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னம் அவற்ற மகள் நோர்வேயில இருந்து எழுதினா, அப்பான்ர புத்தகம் ஆரிட்டையாவது இருக்கோ எண்டு. என்ர சீஆர் கொப்பியைத்தான் ஸ்கான் பண்ணி அனுப்பினனான், அவற்ற சிவத்த எழுத்தோட. 1981இல யாழ்ப்பாண நூலகத்தில தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் எரிஞ்ச ஊரில இருந்துகொண்டு பிரதி எடுக்காதேங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுவன்? அந்த ஒரு சீடிக்கு ஒரு பிரதி எடுத்துப் பத்திரமா வையும், சட்டமே விடுது. மற்ற அஞ்சுக்கும் கேளும்.

சீடியின்ர கவரில செய்தவையின்ர விலாசமோ ஈமெயிலோ இருக்கும். ஒரு கிராமத்து நிலையம், ஆறு கொம்பியூட்டர், காசுக்கில்லை, விடுவீங்களோ எண்டு எழுதும். இங்கிலீஷ் எழுதக் கஷ்டம் எண்டால் தமிழில எழுதி எனக்கு அனுப்பும், நான் மாத்தித் தாறன். பதில் வரும்வரைக்கும் சீரோ ஏடியைப் போட்டுக் குடும். அதிபர் ஐயாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லும்.

அன்புடன்,
அண்ணை